அடித்த இடத்தைப் பார்ப்பவள்

அவள் யாரை அடித்தாலும், அடித்த இடத்தைக் குனிந்து பார்ப்பாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். முகமும் உயரமும் அப்புறம்தான் வரும்.

ஒருநாள் போர்ட் பிளேயரிலிருந்து கராச்சர்மாவுக்குப் போகிற பஸ்ஸில் நானும் அவளும் நின்றுகொண்டு வந்தோம். பின்னால் நின்ற ஒருவன் கூட்டத்தைச் சாக்காக வைத்து அவள் மேல் சாய்ந்தான். அவள் திரும்பினாள். பளார் என்று ஒன்று விட்டாள். அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்து விலக்கிவிட்டுக் கன்னத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கடையில் சேலைக் கரையை விரித்துப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

“மூணு விரல்தான் விழுந்துருக்கு பெரியம்மா,” என்றாள் என்னிடம். “சுண்டு விரல் படவே இல்ல.”

கண்டக்டர் சிரித்துவிட்டார். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான். நான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே வாய் வராதவள். சில்லறையை நீட்டுவேன், கண்டக்டரே தெரிந்துகொள்வார்.

இந்தப் பெண்தான் டாக்டருக்குப் படிப்பேன் என்று நின்றாள். அதுவும் அந்த மார்க் சீட்டுகளை வைத்துக்கொண்டு.

நாங்கள் இருந்தது தகரக் கூரை போட்ட ஐந்து வீடு. ஒரே வரிசை. மற்றவர்கள் லைன் என்பார்கள், நான் மட்டும் லயம் என்பேன். சிலோன் தோட்டத்தில் பிறந்தவள், நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள், வேறு எப்படிச் சொல்வேன்? சுனாமியில் கடல் ஏறி வந்த அன்றைக்கு நான் மேட்டு ரப்பரில் நின்றதால் பிழைத்தேன். வீட்டுக்காரர் கீழே இருந்தார். என்னோடு மேட்டிலிருந்து வந்த சாமான் இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தி ஒன்றுதான். அதைக் கராச்சர்மாவுக்குக் கொண்டுவந்து, அடுப்படியின் பின் தகரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே சொருகி வைத்தேன். வெட்ட மரம் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பேன்.

பக்கத்து வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது அவளுக்குப் பத்து வயது. அப்பா லாரி ஓட்டுகிறவர். போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரைக்கும் சிமென்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு போவார். போனால் ஐந்து நாள், பத்து நாள். வந்தால் அடி. முதலில் தட்டு விழும், அப்புறம் ஆள் விழும். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு தகரம்தான். அந்த அம்மா கத்த மாட்டாள். அவள் முதுகு தகரத்தில் மோதும்போது என் பக்கத்துப் பாத்திரங்கள் அதிரும். நான் பாத்திரங்களைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆறு வருஷம்.

குடிவந்த முதல் மாதமே மகள் அப்பாவின் லாரி விளக்கைக் குறிபார்த்துக் கல் எறிந்தாள். ஒரு கல் இரும்பில் பட்டுத் தெறித்து என் புருவத்துக்கு மேலே விழுந்தது. அன்றைக்கு அப்பாவிடம் அவளுக்கு நல்ல உதை. அடுத்த நாள் ஒரு பக்கக் காதும் கழுத்தும் வீங்கிப்போய், என் வாசலில் வந்து நின்றாள்.

“பெரியம்மா, நெத்திய காட்டுங்க.”

காட்டினேன். விரலால் சுற்றி அழுத்திப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஊதா. நாலஞ்சு நாள்ல பச்சையாவும். அப்புறம் மஞ்சளாகிப் போயிரும்.”

“ஒனக்கு யாரு புள்ள சொன்னது?”

“அம்மா முதுகுல பாப்பேனே.”

தினமும் வந்து பார்த்தாள். அவள் சொன்ன வரிசையில்தான் நிறம் மாறியது. மஞ்சள் மறைந்த பிறகும் இரண்டு நாள் வந்தாள். அப்புறம் வரவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி வராத புகார் இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு பையன், “உங்கம்மா ஏன்டி தெனமும் மூஞ்ச மூடிக்கிட்டுப் போறாங்க?” என்று கேட்டுவிட்டான். காம்பஸ் டப்பாவால் மூக்கில் ஒரே போடு. எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து வகுப்பு ஓடியிருக்கிறது. இவள் மட்டும் அவன் மூக்கைப் பிடித்துத் தலையை முன்பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். “நாளைக்கு ரெண்டு கண்ணுக்குக் கீழயும் கறுப்பா வரும், பயந்துறாத,” என்றாளாம். பையனின் அம்மா இதைச் சொல்லித்தான் எங்கள் வரிசைக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். “அடிக்கவும் அடிச்சிட்டு வைத்தியமும் சொல்றா பாருங்க, ராட்சசி!”

படிப்பு இருந்தது அவளிடம். ஆனால் சீராக இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். அவளுடைய மார்க் சீட்டுகளை என் வீட்டு அரிசிப் பானைக்குள்தான் வைத்திருந்தாள். அங்கே வைத்தால் அப்பா கிழிக்க முடியாது. ஒரு பரீட்சையில் எல்லாம் தொண்ணூறுக்கு மேலே. அடுத்ததில் முப்பது. அப்புறம் மறுபடி மேலே. டீச்சர்கள் திமிர் என்றார்கள், சோம்பல் என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும். மார்க் சீட்டைப் பார்த்தே லாரி எந்த வாரம் திக்லிபூரில் நின்றது, எந்த வாரம் வீட்டு வாசலில் நின்றது என்று என்னால் சொல்ல முடியும். பத்தாவது பரீட்சையின்போது வடக்கே ரோடு சரிந்து லாரி பதினெட்டு நாள் மாட்டிக்கொண்டது. அவள் பள்ளிக்கே இரண்டாவதாக வந்தாள்.

பதினொன்றாவது படிக்கும்போதுதான் அது நடந்தது. மத்தியானம். சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கையால் அடிக்கவில்லை. டயர் கழற்றுகிற கம்பி. சத்தமே வேறு மாதிரி இருந்தது. அந்த அம்மா முதல் தடவையாகக் கத்தினாள். “ஐயோ, கை போச்சு!” என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. நான் பின்பக்கம் ஓடினேன். அடுப்படிக் கதவு வழியாக வெளியே வந்த மகள், மறுபடி உள்ளே போனாள். கையில் பால்வெட்டுக் கத்தி இருந்தது. என்னுடைய கத்தி.

பால்வெட்டுக் கத்தியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அதன் நுனி மடங்கியிருக்கும். குத்த வராது. இழுத்தால்தான் வெட்டும். பட்டையை இழைத்துப் பழகிய கைக்கு அது காகித கனத்துக்குக்கூட நிற்கும். பழகாத கைக்கு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் கம்பியை ஓங்கியிருக்கிறார். இவள் இழுத்தாள். உள்ளங்கையில் குறுக்கே விழுந்தது.

கம்பி தரையில் விழுந்த சத்தத்தில்தான் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் சுவரோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒரு மூலையில், முன்கை வளைந்து தொங்க, உட்கார்ந்திருந்தாள். மகள் அவர் முன்னால் மண்டியிட்டு, அந்தக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளையா தெரியுது பெரியம்மா. நரம்பு. ரெண்டு அறுந்துருக்கு. நாடாவாட்டம் இருக்கு.”

அப்புறம் துப்பட்டாவைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து அழுத்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும்வரை விடவில்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அந்த அம்மா, நடுவே அவள். அவர் வழியெல்லாம் அவளைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே போனார். “கைய எறக்காதப்பா,” என்பதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை.

போலீஸ்காரர் வந்து கேட்டார். தேங்காய் வெட்டும்போது பட்டுவிட்டது என்று அப்பாவே சொல்லிவிட்டார். மகள் வெட்டினாள் என்றால் லாரி ஸ்டாண்டில் தலை காட்ட முடியாது. அந்த அம்மாவுக்கு எப்படி எலும்பு முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாவுக்கட்டு பிரித்த மறு வாரம் அவள் கப்பல் ஏறி மெயின்லாண்டில் தம்பி வீட்டுக்குப் போனாள். மகளையும் கூப்பிட்டாள். மகள் போகவில்லை.

அந்த ஒரு வருஷம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. மத்தியானம் வந்து அப்பாவுக்குக் கட்டு மாற்றுவாள். தையல் பிரித்த பிறகு விரல்களை மடக்கிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒருமுறை செய்தும் காட்டினார்கள். அவர் மறுபடி அங்கே போக மாட்டேன் என்றுவிட்டார். அதனால் வீட்டிலேயே.

“மடக்குப்பா.”

“விடுறீ! அரே விடு, செத்துருவேன்!”

“சாக மாட்ட. இன்னும் கொஞ்சம்.”

அவர் அலறுவார். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி சத்தம். தகரம் அதிரும். என் பாத்திரங்கள் அதிரும். நான் பழைய வழக்கத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் மருத்துவம் பார்க்கிறாளா, அம்மாவுக்காகப் பழி தீர்க்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பாவம் புள்ள, ஒரு நாளு விட்டுறேன்.”

அவள் யோசித்தாள். “விட்டா வெரல் நிக்காது பெரியம்மா. ஸ்டியரிங் புடிக்க முடியாது,” என்றாள். அப்புறம், “கத்துறது கேக்க நல்லாவும் இருக்கு,” என்றாள். சிரிக்கவில்லை.

பத்து மாதத்தில் அவர் ஸ்டியரிங் பிடித்தார். நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றன. அவர் மறுபடி திக்லிபூர் போனார். அவள் மறுபடி பதினொன்றாவதில் சேர்ந்தாள். பன்னிரண்டாவதில் பயாலஜியில் முதல் மார்க், பிசிக்ஸில் தப்பிப் பிழைத்த மார்க். பிசிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் லாரி வாசலில் நின்றது. அடிக்கிற துணிச்சல் அவருக்குப் போய்விட்டிருந்தது, ஆனால் சாமான்களை உடைப்பார். நீட் பரீட்சை முதல் தடவை எட்டவில்லை. இரண்டாம் தடவை, தீவுக்காரர்களுக்கான பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது பெயர் அவளுடையது. குறித்த நாளில் எல்லாக் காகிதத்தையும் காட்டினால் சீட்டு. ஒன்று குறைந்தாலும் பின்னால் நிற்கிறவருக்குப் போய்விடும்.

காகிதங்களில் இரண்டு முள் இருந்தது. ஒன்று, படிப்பில் விட்டுப்போன அந்த ஒரு வருஷத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவர் கேட்காமலே மஞ்சள் காமாலை என்று அடித்துவிட்டார். “சப் லோக் யஹி லிக்தே ஹைன்,” எல்லாரும் இதைத்தான் போடுவார்கள் என்றார். அவள் காகிதத்தைக் கிழித்து மேஜையில் போட்டாள். குடும்பத்தில் காயம்பட்டவரைப் பார்த்துக்கொண்டேன் என்று போடச் சொன்னாள். இன்னொன்று, தீவில் வெகுகாலம் இருப்பவர்கள் என்பதற்கான லோக்கல் சர்ட்டிபிகேட். அது அப்பா பெயரில், அப்பாவின் பெட்டியில் இருந்தது. அவர் அதோடு நேரில் வர வேண்டும்.

“எங்கைய வெட்டுனவளுக்கு டாக்டர் சீட்டா?” என்றார் அவர். வரிசைக்கே கேட்டது. “வர்றேன்டி. பேப்பரோட வர்றேன். வந்து, நீ என்ன பண்ணுனேன்னு அங்கயே சொல்லுறேன். எவன் சீட்டுக் குடுக்குறான்னு பாக்குறேன்.”

“சொல்லு. ஆனா வா,” என்றாள் அவள்.

என்னையும் கூப்பிட்டாள். “எனக்கு ஆபீஸுல பேச வராது புள்ள.”

“பேச வேணாம். சும்மா உக்காருங்க. ஒருத்தராவது நம்ம பக்கம் உக்காந்திருக்கணும்.”

“அரே, கச்சால் கெழவியையும் கூட்டிட்டு வர்றியா? ஊமைச் சாட்சி!” என்று அவர் சிரித்தார்.

குறித்த நாளில் ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். நரைத்த முடி. இந்தியில்தான் பேசினார். மார்க் சீட்டுகளை வரிசையாகப் பரப்பினார். பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது. மேலே, கீழே, மேலே என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். “யே க்யா ஹை, பேட்டி?” இது என்ன மகளே, லிப்ட்டா என்றார். அப்புறம் காரணக் காகிதத்தைப் படித்தார். “காயம்பட்டவர் யார்?”

அவள் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்து மேஜை மேல் கையை வைத்தார். உள்ளங்கை மேலே தெரிய. “இதுதான் மேடம். வெட்டுனது இவதான். பெத்த மக.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “ஆமா மேடம். நான்தான் வெட்டுனேன்,” என்றாள். “அம்மாவ இரும்புக் கம்பியால அடிச்சாரு. கை ஒடிஞ்சிருச்சு. அதான்.”

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அந்தக் கையை எடுத்தார். தழும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார். அடித்த இடத்தை அவள் பார்ப்பாளே, அதே பார்வை.

“இதற்குப் பயிற்சி கொடுத்தது யார்?”

“நான்தான். ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டுனாங்க.”

“எவ்வளவு நாள்?”

“பத்து மாசம். தெனமும்.”

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “வண்டி ஓட்டுகிறாயா?”

“ஓட்டுறேன்,” என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது போல இருந்தது. கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“எதால் வெட்டினாய்?” இது அவளிடம்.

“ரப்பர் வெட்டுற கத்தி.”

“லாரிக்காரர் வீட்டில் ரப்பர் கத்தி எப்படி வந்தது?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை. “வஹீன் படா தா,” அங்கேயே கிடந்தது என்றாள்.

கிடக்கவில்லை. அதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன். அன்றைக்கு மத்தியானம் அவள் அடுப்படிக் கதவு வழியாக வெளியே வந்தது எதையாவது எடுக்கத்தான். கட்டையோ கல்லோ. ஒன்றும் அகப்படவில்லை. என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து நாலு வீட்டைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. தகரத்தில் சொருகியிருந்த கத்தியை உருவி, பிடி அவள் பக்கம் இருக்க நீட்டினேன். எண்ணெய் போட்டுத் துடைத்த கத்தி. அவள் வாங்கிக்கொண்டாள். ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்ததை எல்லாம் பதினாறு வயதுப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, சோற்றுப் பானையை இறக்கி வைக்கத் திரும்பினேன்.

அந்த அறையில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா காகிதத்தை மறுபடி படித்தார். “காயம்பட்டவரைப் பார்த்துக்கொண்டதாக எழுதியிருக்கிறது. காயம் இருக்கிறது. பார்த்துக்கொண்டதும் தெரிகிறது. காகிதம் சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை,” என்று சொல்லி முத்திரையை எடுத்தார். குத்துவதற்கு முன் அவளிடம், “ஹாத் சம்பால்கே ரக்னா,” என்றார். கையை அடக்கி வைத்துக்கொள்.

வெளியே வந்து படியில் இறங்கினோம். ரோட்டோரம் வந்ததும் அப்பா சட்டென்று கையை ஓங்கினார். கண் சிமிட்டுவதற்குள் அவள் அறைந்துவிட்டாள். காதோடு சேர்த்து. அவர் தடுமாறிப் போஸ்ட் கம்பத்தைப் பிடித்தார். எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

“ஆட்டோவக் கூப்புட்டேன்டி,” என்றார் அவர்.

அவள் அப்படியே நின்றாள். அப்புறம் அருகே போய், அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கன்னத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் அசையாமல் காட்டிக்கொண்டு நின்றார். ஆட்டோக்காரர், “க்யா பாய், ஜானா ஹை?” போகணுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா அன்றைக்கு ஆட்டோவில் எங்களோடு ஏறவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அடியினாலா என்று எனக்குத் தெரியாது.

ஹாஸ்டலுக்குப் போகிற அன்று காலையில், அரிசிப் பானையிலிருந்து மீதிக் காகிதங்களை எடுக்க என் வீட்டுக்கு வந்தாள். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

“புள்ள, அன்னைக்கு ஆபீஸுல நாஞ் சொல்லியிருக்கணும். கத்திய நாந்தானே எடுத்து…”

சொல்லி முடிக்க விடவில்லை. அவள் உள்ளங்கை என் வாயில் வந்து மோதியது. பொத்துவதற்குத்தான் வந்தாள், ஆனால் அவள் கைக்கு மெல்ல வரத் தெரியாது. உதடு பல்லில் குத்தி ரத்தம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அவர் இருமுகிற சத்தம் தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது.

“பேசாதீங்க,” என்றாள் காதோடு. “நானே எடுத்ததாத்தான் நெனைக்கிறாரு. அவருக்குத் தெரியவே கூடாது. நான் போனதுக்கப்புறமும் நீங்க இங்கதான இருக்கணும்.”

அப்புறம் கையை எடுத்தாள். கதவுப் பக்கம் வெளிச்சத்தில் என்னைத் திருப்பி, உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல. வாய்க்குள்ள எல்லாம் சீக்கிரம் ஆறும். நாலு நாள்.”

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அந்த வரிசைக்கு அவள் திரும்பி வரவில்லை. இரண்டாம் வருஷத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரையோ அடித்தாள், கூப்பிட்டுக் கண்டித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். முடித்தாளா, எங்கே இருக்கிறாள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும். எனக்குக் கேட்க வராது.

அவள் போன பிறகு தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துப் பார்த்தேன். முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாள் வெள்ளையாக ஒரு ஏடு. மூன்றாம் நாள் ஒரு கோடு. நாலாம் நாள் வெளிச்சத்துக்குப் போய் நின்று தேடினேன். எந்த இடம் என்றே தெரியவில்லை.